யூரின் இன்ஃபெக்‌ஷன் ஏன் திரும்பத் திரும்ப வருது? அந்தக் கிருமி எப்படித்தான் ஒட்டிக்குது?

மல்லிகைப்பந்தல் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கேட்கக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு, ஆனாலும் கேட்டுடறேன். இந்த வருஷத்தில் எனக்கு இது நாலாவது நீர்க்கடுப்பு. காலையில் லேசா எரிச்சல் ஆரம்பிக்கும். மதியத்துக்குள் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடணும், போனா ரெண்டு சொட்டுதான். சாயங்காலம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். மாத்திரை போட்டா மூணாம் நாள் சரியாகிடுது. ஆறு வாரமோ எட்டு வாரமோ கழிச்சு மறுபடியும் வந்து நிக்குது.

வலியைக்கூடத் தாங்கிக்கலாம், பேச்சைத் தாங்க முடியலை. "சுத்தமா இருந்தா ஏன் வரப்போகுது?"ன்னு வீட்டில் கேட்கிறாங்க. போன தடவை போன கிளினிக்கிலும் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அதையேதான் கேட்டாங்க. தினமும் ரெண்டு வேளை குளிக்கிறவள் நான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதுட்டேன்.

நான் கணக்கு டீச்சர். இதில் எனக்குக் கணக்கு உதைக்குது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை சிறுநீர்ப்பை காலியாகுது. கழுநீர் வாளியைக் கவிழ்க்கிற மாதிரிதானே அது? கண்ணுக்கே தெரியாத கிருமி அந்த ஓட்டத்தில் எப்படி நிக்குது? ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்கிற கிருமி, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல்னு போட்டிருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேப்பமரத்தடி | ஞாயிறு, இரவு 9.40

தங்கச்சி, உடம்புச் சூடுதான் காரணம். பார்லி தண்ணி, வாழைத்தண்டு சாறு, நீர்மோர். தண்ணியை நல்லா குடிங்க, எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிடும்.

அகார்தட்டு | ஞாயிறு, இரவு 11.05

டீச்சர், நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நுண்ணுயிரியல் பகுதியில் 14 வருஷமா வேலை பார்க்கிறேன். காலையில் வந்ததும் எனக்கு முதல் வேலை யூரின் கல்ச்சர் தட்டுகளை, அதாவது சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்க்கிற தட்டுகளைப் பார்க்கிறதுதான். உங்க ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த ஒரு லட்சம் எப்படி வருதுன்னா, ஒரு மைக்ரோலிட்டர் மட்டும் பிடிக்கிற சின்ன வளையத்தால் சிறுநீரைத் தொட்டுத் தட்டில் இழுப்போம். மறுநாள் அதில் நூறு புள்ளி முளைச்சிருந்தா மில்லிக்கு ஒரு லட்சம்னு கணக்கு. மெக்கான்கி என்கிற ஊட்டக்கலவை போட்ட தட்டில் ஈ.கோலை ரோஸ் கலரில் அடர்த்தியாக வரும்.

நீங்க கேட்ட கேள்விதான் இந்த நோய்க்கே மூலக்கேள்வி. வெள்ளத்தில் நிக்கணும்னா எதையாவது பிடிச்சுக்கணும். அதுக்கு ஈ.கோலைக்குக் கை இருக்கு. அதன் உடம்பைச் சுத்தி நூற்றுக்கணக்கில் மயிரிழை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். பைலின்னு சொல்வாங்க, ஃபிம்ப்ரியான்னும் சொல்வாங்க. ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஃபிம்எச் என்ற ஒரே ஒரு புரதம். அந்தப் புரதத்தில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் மேனோஸ் என்கிற சர்க்கரை கச்சிதமா உட்காரும்.

அந்தச் சர்க்கரை எங்கே இருக்குன்னு கேட்பீங்க. உங்க சிறுநீர்ப்பையின் உள்சுவரில்தான். அந்தச் சுவரின் மேல் வரிசையில் குடை விரிச்ச மாதிரி பெரிய பெரிய செல்கள் இருக்கு, பேரே குடை செல்கள். அதன் மேற்பரப்பில் யூரோபிளாக்கின் என்ற புரதம் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். அமிலம், உப்பு, யூரியா எதுவும் உள்ளே கசியாம காக்கிறது அந்த ஓடுதான். அதில் யூரோபிளாக்கின் 1ஏ என்கிற வகையின் மேல் மேனோஸ் நீட்டிக்கிட்டு இருக்கு. கிருமி பிடிக்கிறது அதைத்தான். காவலுக்குக் கட்டின சுவரிலேயே கைப்பிடி இருக்கு.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் எம்.எஸ்சி. படிச்சப்போ செஞ்ச சோதனை ஒண்ணு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கு. ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்டைக் கரைச்சு ஸ்லைடில் ஒரு சொட்டு. தண்ணிப் பால் மாதிரி இருக்கும். அதோட, 37 டிகிரியில் ரெண்டு நாள் அசைக்காம வளர்த்த ஈ.கோலை குழம்பு ஒரு சொட்டு. ரெண்டையும் கலந்து ஸ்லைடை இப்படியும் அப்படியும் சாய்ச்சா, கொஞ்ச நேரத்தில் பால் திரிஞ்ச மாதிரி வெள்ளைத் துணுக்கு துணுக்கா பிரியும். ஈஸ்ட்டின் தோல் முழுக்க மேனோஸ் சங்கிலிதான், கிருமி அதைப் பிடிச்சு ஒண்ணோட ஒண்ணைக் கோத்துடுது. பக்கத்து ஸ்லைடில் முன்னாடியே கொஞ்சம் மேனோஸ் கரைச்சு விட்டுட்டுக் கலந்தோம். எவ்வளவு ஆட்டினாலும் திரியலை. கிருமியின் கை எல்லாத்திலும் ஏற்கெனவே சர்க்கரை இருக்கு, பிடிக்க இடமில்லை. அந்த ரெண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன்.

இதில் சுத்தம், அசுத்தம் எங்கேயும் வரலை பாருங்க. இந்த ஈ.கோலை பெரும்பாலும் நம்ம குடலிலிருந்தே வருது. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் நீளம் ஏறக்குறைய 4 செ.மீ.தான், ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. உடம்பின் அமைப்பே அப்படி. உங்களை அழ வெச்சவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

புரதமடிப்பு | திங்கள், காலை 7.30

அக்கா அழகா சொல்லியிருக்காங்க. நான் புரத அமைப்பியலில் ஆராய்ச்சி மாணவன், ஃபிம்எச் எனக்கு ரொம்பப் பிடிச்ச புரதம். டீச்சரோட "வெள்ளத்தில் எப்படி நிக்குது" என்பதற்கு இன்னும் ஒரு படி உள்ளே போய்ப் பதில் இருக்கு.

சாதாரணமா ஒரு பிடியை இழுத்தா அது தளரும், அதிகமா இழுத்தா கழண்டுடும். ஃபிம்எச் நேர் எதிர். இழுக்க இழுக்க இறுகும். 2002-ல் சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி தாமஸ், எவ்கெனி சொகுரென்கோ குழு இதைக் காட்டினாங்க. கினிப் பன்றியின் ரத்தச் சிவப்பணுவோட கிருமியைக் கலந்து தட்டை ஆட்டினா திரள் திரளா சேர்ந்தது, ஆட்டத்தை நிறுத்தினா திரள் பிரிஞ்சது. ஆட்டினா கலையணும், விட்டா சேரணும்னுதானே நாம நினைப்போம்? அப்புறம் கிருமி மேல் திரவத்தை ஓடவிட்டும் பார்த்தாங்க. மெதுவா ஓடினப்போ கிருமி உருண்டு போனது, வேகமா ஓடினப்போ நின்ன இடத்திலேயே நின்னது.

காரணம் இந்தப் புரதத்தின் கட்டமைப்பில் இருக்கு. ஃபிம்எச்சுக்கு ரெண்டு பாகம். நுனிப்பாகம் சர்க்கரையைப் பிடிக்குது, அடிப்பாகம் இழையோட சேர்ந்திருக்கு. சும்மா இருக்கும்போது அடிப்பாகம் நுனியோட ஒட்டி நின்னு குழியைக் கொஞ்சம் திறந்தே வெச்சிருக்கும், பிடி லேசு. இழுவை வந்ததும் ரெண்டு பாகமும் விலகும், குழி சர்க்கரையைச் சுத்தி மூடிக்கும். கிணத்தில் தோண்டிக்குப் போடுற சுருக்குக் கயிறு மாதிரி. தண்ணி பாரம் ஏற ஏறத்தான் சுருக்கு இறுகும், தரையில் வெச்சா தானா தளரும்.

இழையும் அதுக்கேத்த மாதிரிதான். ஃபிம்ஏ என்ற புரதம் ஆயிரக்கணக்கில் சுருள் சுருளா அடுக்கினதுதான் அந்தத் தண்டு. தடிமன் 7 நானோமீட்டர் அளவு, நீளம் ஒண்ணு ரெண்டு மைக்ரோமீட்டர். வேகமா இழுத்தா பழைய லேண்ட்லைன் ஃபோனின் சுருள் வயர் மாதிரி நீளும், விட்டா சுருண்டுக்கும். அதிர்ச்சி முழுசும் நுனிக்குப் போகாது.

சிறுநீர்ப்பை நிறையும்போது அங்கே ஓட்டமே இல்லை, பிடி லேசு, கிருமி இடம் மாறிப் பரவலாம். கழிக்கும்போது ஓட்டம், பிடி இறுகுது. நாம எதை வெச்சு அதைத் துரத்தப் பார்க்கிறோமோ, அதுவே அதுக்குப் பூட்டு.

வேப்பமரத்தடி | திங்கள், காலை 8.15

தம்பி, அப்படின்னா தண்ணி குடிச்சா கெடுதலா? காலங்காலமா சொல்றது பொய்யாகிடுமா?

புரதமடிப்பு | திங்கள், காலை 8.50

இல்லை ஐயா, தண்ணி உண்மையாவே உதவுது, சோதிச்சும் பார்த்திருக்காங்க. 2018-ல் வெளியான ஆய்வு, பல்கேரியாவில் நடந்தது. அடிக்கடி நீர்க்கடுப்பு வர்ற, தினமும் ஒன்றரை லிட்டருக்குக் குறைவா குடிக்கிற 140 பெண்கள். பாதிப் பேரை வழக்கமா குடிக்கிறதைவிட ஒன்றரை லிட்டர் கூடக் குடிக்கச் சொன்னாங்க. ஒரு வருஷத்தில் கூடக் குடிச்சவங்களுக்குச் சராசரியா 1.7 தடவை வந்தது, மத்தவங்களுக்கு 3.2 தடவை. கிட்டத்தட்டப் பாதி.

ஒட்டினதைத் தண்ணி பிய்க்கிறது கஷ்டம், ஆனா எல்லாக் கிருமியும் எப்பவும் ஒட்டிக்கிட்டே இருக்கிறதில்லை. மிதக்கிற கூட்டம் ஒண்ணு எப்பவும் உண்டு. அது ஒட்டுறதுக்கு முன்னாடியே வெளியே போகணும், பெருகவும் நேரம் கிடைக்கக்கூடாது. டீச்சருக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு: ஊட்டமான குழம்பில் ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒருதரம் இரட்டிக்கும். ஏழு மணி நேரத்தில் 21 இரட்டிப்பு, ஒண்ணு இருபது லட்சத்தைத் தாண்டிடும். சிறுநீரில் அதைவிட மெதுவாத்தான் வளரும், ஆனாலும் ராத்திரி முழுக்க தேங்கி நிற்கிற பைக்கும் மூணு மணிக்கொருதரம் காலியாகிற பைக்கும் வித்தியாசம் புரியும்.

மல்லிகைப்பந்தல் | திங்கள், மாலை 6.20

2 அடுக்கு 21, இருபது லட்சத்துத் தொண்ணூத்தேழாயிரத்துச் சொச்சம். இன்னிக்கு ஒன்பதாம் வகுப்பில் அடுக்குக்குறிக்கு இதையேதான் எடுத்துக்காட்டா போட்டேன், கிருமியோட பேரை மட்டும் சொல்லிட்டு.

ஒண்ணு மனசில் தைக்குது. எங்க பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கு ஒரே ஒரு டாய்லெட், அதுவும் மாடிக்கட்டடத்துக்கு அந்தப் பக்கம். காலை எட்டரைக்குக் கிளம்பினா மதியச் சாப்பாடு வரைக்கும் போகவே மாட்டேன். போக வேண்டாமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டேன். என்னை மாதிரி எத்தனை பேர்.

அகார்தட்டு அக்கா, மேனோஸ் போட்டா ஈஸ்ட் திரியலைன்னு சொன்னீங்களே, அப்போ மேனோஸையே சாப்பிட்டா போதாதா? ஆன்லைனில் பொடி விக்கிறாங்க, விலையும் அதிகம்.

குளிர்தேசத்து_நர்ஸ் | திங்கள், இரவு 8.45

நான் இங்கிலாந்தில் நர்ஸா இருக்கேன். டி-மேனோஸ் பத்தி எங்க நோயாளிகள் வாராவாரம் கேட்பாங்க, நானே ஒரு காலத்தில் நம்பி வாங்கிக் குடிச்சவள். இங்கே அதைப் பெரிய அளவில் சோதிச்சு 2024-ல் முடிவு வெளியிட்டாங்க. திரும்பத் திரும்ப வர்ற 598 பெண்கள். சிலருக்குத் தினம் 2 கிராம் மேனோஸ், மத்தவங்களுக்கு அதே மாதிரி இருக்கிற வேற சர்க்கரைப் பொடி, ஆறு மாசம். யாருக்கு எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, கொடுத்தவங்களுக்கும் தெரியாது. மேனோஸ் எடுத்தவங்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்றுன்னு மருத்துவரிடம் வந்தாங்க, மத்தவங்களில் 55.7 சதவீதம். அந்த வித்தியாசத்தைப் பலன்னு எடுத்துக்க முடியாது. நான் வாங்கறதை நிறுத்திட்டேன், உங்களையும் காசு செலவழிக்க வேண்டாம்னுதான் சொல்வேன்.

கிரான்பெர்ரிப் பழம் கொஞ்சம் பரவாயில்லை. 2023-ல் காக்ரேன் குழு 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, அடிக்கடி வர்ற பெண்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசி குறையுதுன்னு சொன்னாங்க. அதுவும் தடுக்கத்தான். வந்த தொற்றைத் தீர்க்காது.

புரதமடிப்பு | திங்கள், இரவு 9.30

மேனோஸ் ஏன் உதவலைன்னு யோசிச்சா, ஒரு பங்கு காரணம் அந்தச் சுருக்குக் கயிற்றிலேயே இருக்குன்னு எனக்குத் தோணுது. தனிச் சர்க்கரை மிதந்து வந்து குழியில் உட்காரும், எழுந்தும் போயிடும். சுவரோட பிணைஞ்ச சர்க்கரையைத்தான் கிருமி இழுவையோட இறுக்கிப் பிடிக்குது. மிதக்கிற சர்க்கரைக்கு இழுவையே இல்லையே. அதனால்தான் வேதியியலாளர்கள் மேனோஸுக்குப் பின்னால் ஒரு வால் சேர்த்து, குழியின் வாயில் அந்த வாலும் அழுத்தமா உட்கார்ற மாதிரி மேனோசைடுகளைச் செய்றாங்க. எலிகளில் அது நல்லா வேலை செஞ்சது.

நம்ம உடம்பே இந்தத் தந்திரத்தை வெச்சிருக்கு என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆரோக்கியமானவங்க சிறுநீரில் அதிகமா இருக்கிற புரதம் யூரோமாடுலின். 1950-ல் டாம், ஹார்ஸ்ஃபால்னு ரெண்டு பேர் பிரிச்சு எடுத்தது. சிறுநீரகம் தினமும் செஞ்சு அனுப்புது. நீள நீள இழையா மிதக்கும், அதன் மேலேயும் மேனோஸ் இருக்கு. 2020-ல் சூரிச்சில் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாங்க: அந்த இழைகள் கிருமியின் பைலி நுனிகளைப் பிடிச்சுச் சுத்திக்கிட்டு, பல கிருமிகளைக் கட்டுக்கட்டா சேர்த்து வெச்சிருந்தது. சுவர்னு நினைச்சு இழையைப் பிடிச்ச கிருமி சிறுநீரோட வெளியே போயிடும். வேப்பமரத்தடி ஐயாவோட தண்ணி இங்கேதான் கைகொடுக்குது.

அகார்தட்டு | செவ்வாய், காலை 6.10

"ஏன் திரும்ப வருது"ன்னு டீச்சர் தலைப்பிலேயே கேட்டிருக்காங்க, அதுக்கு இன்னும் யாரும் வரலை.

பிடிச்சதோட கிருமி நிற்கிறதில்லை. பிடிச்ச இடத்திலேயே செல்லுக்குள் போயிடுது. குடை செல்லுக்கு விரிஞ்சு சுருங்குற வேலை. பை நிறையும்போது உள்ளே மடிச்சு வெச்ச சவ்வுப் பைகளை மேலே கொண்டு வந்து பரப்பைக் கூட்டும், காலியானதும் உள்ளே இழுத்துக்கும். ஃபிம்எச்சால் ஒட்டின கிருமி அந்த இழுப்போட உள்ளே போகுது. உள்ளே போயிட்டா சிறுநீர் ஓட்டம் தொடாது, வெள்ளணுக்களும் எளிதா பிடிக்க முடியாது, சில மருந்துகள் போதுமான அளவு எட்டாது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழு எலிகளில் இதை வருஷக்கணக்கா படிச்சாங்க. 2003-ல் அவங்க வெளியிட்ட படங்களில் குடை செல்லின் மேற்பரப்பு பலாப்பழத் தோல் மாதிரி மேடு மேடா புடைச்சிருக்கும். ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் ஒரே செல்லுக்குள் நெருக்கியடிச்சுக்கிட்டு ஆயிரக்கணக்கில் கிருமி. செல் வெடிச்சா வெளியே வந்து பக்கத்துச் செல்லைப் பிடிக்கும்.

உடம்பும் சும்மா விடறதில்லை. பிடிபட்ட குடை செல் தானே செத்து உதிர்ந்து, கிருமியையும் சுமந்துக்கிட்டு சிறுநீரில் போயிடும். அதில் ஒரு சிக்கல், மேல்தளம் உதிர்ந்தா அடியில் இருக்கிற இளஞ்செல்கள் வெளியே தெரியும். சில கிருமி அதுக்குள் போய், பெருகாம, வாரக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். இந்த அடங்கிக் கிடக்கிற கதை எலிகளில் தெளிவா பார்த்தது. மனுஷர்களில் செல்லுக்குள் கூட்டம் இருக்கிறதுக்குச் சாட்சி உண்டு: 2007-ல் வெளியான ஆய்வில், நீர்க்கடுப்போட வந்த 80 பெண்களின் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தப்போ, 14 பேரிடம் உதிர்ந்த செல்லுக்குள் கிருமிக்கூட்டம் இருந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாத 20 பேரில் ஒருத்தரிடமும் இல்லை.

அதனால் டீச்சர், ஆறு வாரம் கழிச்சு வர்றது குடலிலிருந்து புதுசா ஏறினதாகவும் இருக்கலாம், பழசு முளைச்சதாகவும் இருக்கலாம். ரெண்டுமே நீங்க குளிக்கிறதைப் பொறுத்தது இல்லை. பிறப்புறுப்புக்கு உள்ளே சோப்பு போட்டுக் கழுவுறீங்கன்னா அதை நிறுத்திடுங்க. அங்கே காவலுக்கு இருக்கிற லாக்டோபேசில்லஸ் என்கிற நல்ல பாக்டீரியாவைத்தான் அது முதலில் அழிக்கும்.

ஊர்டாக்டர் | செவ்வாய், மதியம் 2.40

உரையாடல் நன்றாகப் போகிறது. மருத்துவராக இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, வாந்தி இருந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் தள்ளிப்போடக்கூடாது. மேலே ஏறும் வகைகளிடம் பெரும்பாலும் இன்னொரு கை இருக்கும், பி ஃபிம்ப்ரியா என்று பெயர். அது மேனோஸைப் பிடிக்காது, சிறுநீரகச் செல்களில் இருக்கும் வேறொரு சர்க்கரையைப் பிடிக்கும். ஒட்டும் திறனுக்கும் நோயின் தீவிரத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1976-லேயே ஸ்வீடனில் கத்தரினா ஸ்வான்போரி குழு காட்டியது.

மல்லிகைப்பந்தல் அம்மா, நான்கு முறை வந்துவிட்டதால் இனி மீதமிருக்கும் பழைய மாத்திரையைப் போடாதீர்கள். மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் கொடுங்கள். சிறுநீரில் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள், ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள். தாம்பத்திய உறவுக்குப் பிறகு அடுத்த நாளோ இரண்டு நாளிலோ தொடங்குகிறதா என்று கவனித்து, கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்து மாறும். தினமும் ஆன்டிபயாட்டிக் தராமல் மெத்தனமின் என்ற மருந்தைக் கொடுத்துத் தடுக்கும் வழியும் இருக்கிறது. பிரிட்டனில் 240 பெண்களிடம் நடந்த ஆய்வு அது தினசரி ஆன்டிபயாட்டிக்குக்குக் கணிசமாகக் குறைந்ததல்ல என்று 2022-ல் சொன்னது.

மல்லிகைப்பந்தல் | செவ்வாய், இரவு 10.15

டாக்டர் சார், ரொம்ப நன்றி. தாம்பத்திய உறவு பத்தி நீங்க சொன்னதைக் கவனிச்சுப் பார்த்தா ரெண்டு தடவை அப்படித்தான். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எங்க அம்மாவுக்கு 63 வயசு. அவங்களுக்கும் இப்போ ரெண்டு வருஷமா இதேதான். "வயசான காலத்தில் இதெல்லாம் வெளியே சொல்லாதே"ன்னு சொல்லிட்டு, எரிச்சலோடவே இருக்காங்க. அவங்களுக்கும் இதே ஒட்டுற கதைதானா?

ஊர்டாக்டர் | புதன், காலை 6.55

ஒட்டுவது அதேதான், களம் மாறியிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையும், பிறப்புறுப்பில் லாக்டோபேசில்லஸ் குறையும், அந்த இடத்தின் அமிலத்தன்மை போய்விடும், குடல் கிருமி அங்கே எளிதாகக் குடியேறும். அங்கிருந்து 4 செ.மீ. பயணம்தான். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், உள்ளே தடவும் ஈஸ்ட்ரியால் க்ரீம் பயன்படுத்திய பெண்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 முறை வந்தது, வெறும் க்ரீம் பயன்படுத்தியவர்களுக்கு 5.9 முறை. இது உள்ளூர்ப் பூச்சு, மாத்திரை அல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். அம்மாவை மகளிர் நல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், சர்க்கரை அளவும் பார்த்துவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் | சனி, மதியம் 12.30

அம்மாவை இன்னிக்குக் காலையில் கூட்டிட்டுப் போனேன். வழி முழுக்க பஸ்ஸில் அகார்தட்டு அக்கா சொன்ன பலாப்பழத் தோல் கதையைச் சொல்லிக்கிட்டே போனேன். இறங்கும்போது அம்மா கேட்டாங்க, "அப்போ என் மேல் தப்பில்லையா?"ன்னு. இல்லைம்மான்னேன். டாக்டரிடம் அவங்களே வாய் திறந்து எல்லாத்தையும் சொன்னாங்க. க்ரீம் எழுதிக் கொடுத்திருக்காங்க. எங்க ரெண்டு பேர் கல்ச்சரும் கொடுத்தாச்சு, ரிப்போர்ட் திங்கட்கிழமை.